ஆடு தின்னாத செடி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவரோரம் நீளமாக ஒரு மண் பட்டை இருக்கிறது. எழுபது அடி நீளம், மூணடி அகலம். அதில் எதை நட்டாலும் பிழைப்பதில்லை. செம்பருத்தி வைத்தோம், மாவுப்பூச்சி தின்றது. ரோஜா வைத்தோம், வெயில் தின்றது. குரோட்டன்ஸ் வைத்தோம், கேட்டைத் திறந்து போட்டிருந்த ஒரு மத்தியானத்தில் தெரு ஆடு வந்து நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது. அசோசியேஷன் கணக்கைப் பார்ப்பவன் நான். (பி.காம். படித்த பாவத்துக்கு இந்த மாதிரி பதவிகள் தேடி வரும்.) ‘தோட்டம்’ என்ற தலைப்பில் வருஷா வருஷம் நஷ்டம்தான்.

நர்சரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். “பேசாம அரளி வெச்சிடுங்க சார். தண்ணி ஊத்தினாலும் சரி, ஊத்தாட்டியும் சரி. வருஷம் பூரா பச்சையா நிக்கும், பூக்கும். ஆடு மாடு கிட்டக்கூட வராது” என்றார்.

அடுத்த மீட்டிங்கில் சொன்னேன். மூணாவது மாடி மாமி எழுந்து நின்றார்.

“அரளியா? குழந்தைங்க ஓடியாடற இடத்துலயா? ஏம்ப்பா, உனக்கு ஊர்ல வேற செடியே கிடைக்கலையா?”

அவ்வளவுதான். தீர்மானம் அம்பேல். ஆனால் எனக்கு அந்தச் செடி மேல் ஒரு கவனம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். நாம் வீட்டுக்குள் சேர்க்க யோசிக்கிற இந்தச் செடியை, உலகத்தில் இரண்டு நகரங்கள் ‘எங்கள் பூ’ என்று தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன. இரண்டுமே ஒரே நாளில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த நகரங்கள்!

மாமி சொன்னதில் தப்பில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரளி விஷம். இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாமே. அதில் இருக்கும் ஓலியாண்ட்ரின் என்கிற சரக்கு நேராக இதயத் துடிப்பில் கை வைக்கும். 2024-ல் கேரளாவில் ஓர் இளம்பெண் இறந்தபோது, அரளி இலையைக் கடித்ததுதான் காரணமோ என்ற சந்தேகம் கிளம்பியது. உடனே அங்கே தேவஸ்வம் போர்டுகள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்று நிறுத்திவிட்டன. தெரியாமல் யாராவது வாயில் போட்டுவிட்டால் கை வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

ஆனால் ஒரு திருத்தம். நம்ம ஊர்க் கதைகளிலும் சினிமாக்களிலும் ‘அரளி விதை’ என்று பயமுறுத்துவார்களே, அது பெரும்பாலும் மஞ்சள் அரளியின் விதை. மணி மாதிரி மஞ்சள் பூப் பூக்குமே, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒன்றுவிட்ட சொந்தக்காரன். இளஞ்சிவப்பும் வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கிற நம் அரளி வேறு செடி. இதுவும் விஷம்தான், அதுவும் விஷம்தான். என்றாலும் அண்ணன் செய்ததற்குத் தம்பியும் சேர்ந்து பழி சுமக்கிறான்.

இந்தத் தம்பிக்கு மத்தியதரைக் கடல் ஓரத்திலிருந்து இந்தியா வரைக்கும் சொந்த மண். ஆற்றங்கரைகளில் தானாக முளைத்துக் கிடந்தவன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமானியர்கள் வீட்டுச் சுவர்களில் தோட்டம் வரைந்தபோது அரளியையும் வரைந்திருக்கிறார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேய் நகரச் சுவர்களில் அது இன்றைக்கும் பூத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து ரோமானிய அறிஞர் பிளினி, ‘ஆட்டுக்கும் மாட்டுக்கும் இது எமன்’ என்று சரியாக எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதனுக்குப் பாம்புக்கடி மருந்து என்றும் சேர்த்து எழுதிவைத்தார். அதை நம்பி எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ!

நெப்போலியன் படை ஸ்பெயினில் இருந்தபோது, அரளிக் குச்சியில் கறியைச் செருகிச் சுட்டுத் தின்ற சிப்பாய்கள் செத்தார்கள் என்று ஒரு கதை ரொம்பப் பிரபலம். அதே கதையை அலெக்சாண்டர் படைக்கும் சொல்கிறார்கள். ஒரே கதை இரண்டாயிரம் வருஷ இடைவெளியில் இரண்டு படைக்கு நடந்தால் சந்தேகம் வருமா, வராதா? அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் நிஜமாகவே அரளிக் குச்சியில் சாசேஜைச் செருகிச் சுட்டு அளந்து பார்த்துவிட்டார்கள். கறிக்குள் இறங்கிய விஷம் ரொம்ப ரொம்பச் சொற்பம். (அதற்காக யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்!)

நம் பக்கத்தில் இதற்கு மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. சமஸ்கிருதத்தில் கரவீரம். திருவாரூர் பக்கத்தில் திருக்கரவீரம் என்றே ஒரு கோயில், ஞானசம்பந்தர் பாடிய தலம். சுவாமி பெயர் கரவீரநாதர், தல விருட்சம் செவ்வரளி. இன்னொரு பக்கம், ‘மிருச்சகடிகம்’ நாடகத்தில் சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும்போது அவன் கழுத்தில் போடுவதும் அரளி மாலைதான். சாமிக்கும் அதே பூ, சாகப்போகிறவனுக்கும் அதே பூ.

சேலத்துப் பக்கம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் ஏக்கர் கணக்கில் பயிர் செய்து மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள். நெடுஞ்சாலைகளில் நடுத்திட்டு பூராவும் அரளி நிற்பதை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்காமல் மறைக்கும், வெயிலிலும் புகையிலும் வாடாது, மேய்க்க வந்த ஆடு சீந்தாது. கலிபோர்னியாவிலும் இதே கணக்குப் போட்டு நெடுஞ்சாலை முழுக்க அரளி வைத்தார்கள். அங்கே மட்டும் 1990-களில் ஒரு பாக்டீரியா நோய் வந்து ஏகப்பட்ட செடியைக் காய வைத்தது. ஆக, அசைக்கவே முடியாத ஆசாமி என்றெல்லாம் சொல்ல முடியாது.

சரி, எப்படித்தான் தாக்குப் பிடிக்கிறது? ரகசியம் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. எல்லா இலைக்கும் மூச்சு விட நுண்ணிய துளைகள் உண்டு. அந்தத் துளை வழியாகத்தான் தண்ணீரும் ஆவியாகிப் போகும். அரளி அந்தத் துளைகளை வெளியே காட்டுவதே இல்லை. குட்டிக் குட்டிக் குழிகள் செய்து, அதற்குள்ளே ஒளித்து, குழிக்குள் மயிரிழை மாதிரி தட்டியும் கட்டிவைத்திருக்கிறது. அனல் காற்று மேலே வீசிக்கொண்டு போகும், உள்ளே ஈரம் பத்திரம். சிக்கனத்தில் என் பாட்டியைத் தோற்கடித்துவிடும். பூவில் கூட சிக்கனம்தான். தேனே கிடையாது! கலரைக் காட்டி வண்டை வரவைத்து, மகரந்த வேலையை ஓசியில் முடித்துக்கொண்டு அனுப்பிவிடும்.

இன்னொன்று, உப்பு. கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் பட்டால் மற்ற செடிகள் கருகிப்போகும் இடத்தில் இது நிற்கும். இந்த ஒரு குணம்தான் இதை அமெரிக்காவில் ஒரு தீவு நகரத்துக்குச் செல்லப்பிள்ளையாக்கியது.

* * *

டெக்ஸாஸ் கரையோரம் மெலிசாக நீண்டு கிடக்கிற மணல் தீவு கால்வெஸ்டன். 1841-ல் ஜோசப் ஆஸ்டர்மன் என்கிற வியாபாரி தன் கப்பலில் ஜமைக்காவிலிருந்து வந்தபோது, மரத்தொட்டிகளில் சில அரளிச் செடிகளையும் கொண்டு வந்தார். டெக்ஸாஸ் அப்போது அமெரிக்காவோடு சேரவில்லை, தனி நாடு! செடிகளை மனைவி ரோஸன்னாவுக்கும் மைத்துனர் குடும்பத்துக்கும் கொடுத்தார். அந்த மைத்துனர் மனைவியின் பெயரை, மிஸஸ் ஐஸடோர் டயர் என்று ஒரு ரோஸ் நிற அரளி ரகத்துக்கு இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள்.

ரோஸன்னா சாமானியப் பெண்மணி அல்ல. உள்நாட்டுப் போரின்போது ஊரே காலி செய்து ஓடியது. அவர் ஓடவில்லை. வீட்டையே ஆஸ்பத்திரியாக்கி, இரண்டு தரப்புச் சிப்பாய்களுக்கும் மருந்து போட்டார். 1866-ல் மிஸிஸிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் வெடித்து இறந்துபோனார். உயிலைப் பிரித்தால் அனாதைகள், விதவைகள், பள்ளிக்கூடம், ஜெப ஆலயம் என்று சொத்து முழுக்க தர்மம். அவர் தோட்டத்திலிருந்து கிளை கிளையாக அக்கம்பக்கம் போன அரளி மட்டும் எந்த உயிலிலும் வராத சொத்து. ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் போதும், வேர் விட்டுவிடும். ஐம்பது வருஷத்தில் தீவே அரளிக்காடு ஆனது.

அப்புறம்தான் வந்தது 1900-ம் வருஷம், செப்டம்பர் 8-ம் தேதி.

சனிக்கிழமை. ஊரின் ஆக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்கும் குறைவு. புயலோடு எழுந்து வந்த கடல், பதினைந்து அடி. ஜனத்தொகை சுமார் 38,000. விடிந்தபோது மூவாயிரத்து அறுநூறு வீடுகள் இல்லை. செத்தவர்கள் குறைந்தது ஆறாயிரம், எண்ணாயிரம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அமெரிக்க வரலாற்றில் இன்றுவரை எந்த இயற்கைச் சீற்றமும் இத்தனை உயிர்களைக் குடித்ததில்லை. உடல்களைப் படகில் ஏற்றி நடுக்கடலில் போட்டார்கள். அலை திருப்பிக் கொண்டுவந்து கரையில் போட்டது. கடைசியில் ஆங்காங்கே சிதை அடுக்கி எரித்தார்கள். வாரக்கணக்கில் எரிந்தது.

இந்த ஊரை விட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வேறொரு முடிவு எடுத்தார்கள். கடலுக்கு எதிரே பதினேழு அடி உயரத்துக்கு கான்கிரீட் சுவர். அது போதாது என்று, ஊரையே தூக்குவது!

நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். 1903-ல் ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் நடந்தது. ஊருக்கு நடுவே கால்வாய் வெட்டி, கடல் மணலைத் தண்ணீரோடு குழம்பாக அள்ளி, குழாய் வழியே தெருத்தெருவாக நிரப்பினார்கள். அதற்கு முன்னால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்து உயரே தூக்கி நிறுத்த வேண்டும். மூவாயிரம் டன் எடையுள்ள ஒரு மாதா கோயிலையே எழுநூறு ஜாக்கிகள் வைத்து அஞ்சடி தூக்கினார்கள். மண் நிரப்புகிற செலவு அரசாங்கத்துக்கு, அவரவர் வீட்டைத் தூக்குகிற செலவு அவரவருக்கு. (அந்த வருஷங்களில் அந்த ஊர்க் குடும்பஸ்தர்களின் வரவு செலவு நோட்டு ஒன்று கிடைத்தால் படிக்க ஆசை.) ஜனங்கள் பலகைப் பாலங்களில் நடந்து கடைக்கும் ஆபீசுக்கும் போனார்கள்.

ஊர் பிழைத்தது. ஆனால் பச்சை என்று சொல்ல ஒரு புல் இல்லை. புயலில் தப்பிய மரங்கள் எல்லாம் உப்பு மணலில் புதைந்து செத்தன. எங்கே பார்த்தாலும் சாம்பல் நிற மணல்.

இந்த இடத்தில்தான் பெண்கள் வருகிறார்கள். புயலுக்கு அடுத்த வருஷமே அந்த ஊர்ப் பெண்கள் கூடி, சுகாதாரப் பாதுகாப்புக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலை, அவசரத்தில் கண்ட இடத்தில் புதைத்த உடல்களுக்கு முறையான அடக்கம். நினைத்துப் பாருங்கள், முதல் வேலையே அது. பிறகு பால் சுத்தமா, ஹோட்டல் சுத்தமா என்று பார்த்தார்கள். மணல் நிரப்பி முடியமுடிய, செடி நடக் கிளம்பினார்கள். ஆயிரக்கணக்கில் மரங்கள். கூடவே ஆயிரக்கணக்கில் அரளி. அந்த மணலில் அந்த உப்பில் தயங்காமல் வேர் பிடித்தது அரளிதான். வீதிக்கு இரண்டு பக்கமும் ரோஸும் வெள்ளையுமாகப் பூத்து நின்றபோது, ‘அரளி நகரம்’ என்ற பேர் ஊருக்கு நிலைத்துவிட்டது. 1967-ல் அரளிக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். பிறகு அது சர்வதேசச் சங்கமாகவே ஆகிவிட்டது.

2008-ல் ஐக் என்கிற புயல் மறுபடி தீவை மூழ்கடித்தது. உப்புத் தண்ணீர் தேங்கி சுமார் 40,000 மரங்கள் பட்டுப்போயின. ராட்சச ஓக் மரங்களை வெட்டும்போது ஜனங்கள் வாசலில் நின்று அழுதார்கள். கருகிய அரளிகளை அடியோடு வெட்டிவிட்டார்கள். அவை அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன.

* * *

இன்னொரு நகரத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1945 ஆகஸ்ட் 6, காலை எட்டேகால் மணி, ஹிரோஷிமா. அந்த வருஷக் கடைசிக்குள் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர். அந்தக் கதையில் அரளி வருவது பலருக்குத் தெரியாது.

ஜப்பானுக்கு அரளி சொந்தச் செடி இல்லை. இந்தியப் பக்கத்திலிருந்து சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வைத்த பேர் ‘க்யோசிகுதோ’. அதில் மூங்கிலும் இருக்கிறது, பீச் பழ மரமும் இருக்கிறது. இலை மூங்கில் மாதிரி, பூ பீச் மாதிரி. அழகான பேர்.

குண்டு விழுந்த சில நாளிலேயே ஒரு பேச்சு பரவியது. இந்த மண்ணில் எழுபத்தைந்து வருஷத்துக்குப் புல் பூண்டு முளைக்காது! பேச்சுக்கு ஆரம்பம், அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த ஒரு விஞ்ஞானியின் பேட்டி. அவரே பின்னால் மறுத்தார். ஆனால் மறுப்புச் செய்தி என்றைக்கு முதல் செய்தியின் வேகத்தில் போயிருக்கிறது? (இது நான் இருபது வருஷம் பத்திரிகையில் இருந்து கற்ற பாடம்.) வீடு போய், பிள்ளை போய், உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடந்தவர்களுக்கு, ‘இனி இந்த மண்ணும் இல்லை’ என்று ஒரு சேதி. எழுபத்தைந்து வருஷம் என்றால் யாருமே பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம்.

ஆனால் மண்ணுக்கு அடியில் வேறு கணக்கு. குண்டின் அனல் தரையில் மூவாயிரம், நாலாயிரம் டிகிரிக்குப் போனாலும், நீடித்தது சில நொடிகள்தான். மேலே நின்றது எல்லாம் எரிந்தது. கொஞ்சம் ஆழத்தில் வேர் உயிரோடு இருந்தது. ஒரே மாதத்தில் இடிபாடுகளுக்கு மேலே களைகளும் கொடிகளும் கிளம்பிவிட்டன. ஜான் ஹெர்ஸி என்ற பத்திரிகையாளர் 1946-ல் எழுதி, ‘நியூயார்க்கர்’ இதழ் முழுக்க இடம்பிடித்த கட்டுரையில் இது வருகிறது. காயத்தோடு நகருக்குத் திரும்புகிற ஒரு பெண், அந்தப் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. உடம்பு சிலிர்த்துப்போகிறாள். எரிந்த எலும்புகளுக்கு மேல் அத்தனை செழிப்பு! எனக்கு இந்தக் காட்சி ரொம்ப நேரம் மனசை விட்டுப் போகவில்லை. பச்சை என்றால் உடனே நம்பிக்கை என்று தூரத்தில் இருந்து எழுதிவிடுவது சுலபம்.

போதாக்குறைக்கு அந்த செப்டம்பரிலேயே ஒரு பெரும்புயல் அடித்து, மிச்சம் இருந்ததையும் அடித்துக்கொண்டு போனது.

அதற்கப்புறம் எரிந்த மண்ணில் மற்றப் பூக்களுக்கு முன்னால் பூத்தது அரளி என்று ஹிரோஷிமா மாநகரமே பதிவு செய்து வைத்திருக்கிறது. மண்ணோடு மண்ணாக எரிந்தாலும் அடிக்கட்டையிலிருந்து கிளைக்கிற செடி, உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பூப்பதோ கொளுத்துகிற கோடையில். ஆகஸ்ட் 6 வரும்போது ஹிரோஷிமாவில் அரளி பூத்திருக்கும். களைச்செடி சிலிர்க்க வைத்த ஜனங்களுக்குப் பூ வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. அது வீட்டு வேலியில் முன்பு பார்த்த, அடையாளம் தெரிந்த பூ இல்லையா?

1973-ல் கற்பூர மரத்தை நகர மரமாகவும், அரளியை நகரப் பூவாகவும் ஹிரோஷிமா தேர்ந்தெடுத்தது. செர்ரிப்பூவுக்கு உருகுகிற நாட்டில், ஒரு நகரம் தனக்கென்று எடுத்துக்கொண்டது அரளியை. எழுபத்தைந்து வருஷக் கெடு 2020-ல் முடிந்தது. குண்டில் எரிந்து பிழைத்த மரங்களே அந்த நகரத்தில் சுமார் 160 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பேர்ப்பலகை உண்டு.

அதே ஜப்பானில் ஒரு தமாஷ். 2009-ல் ஃபுகுவோகா நகரத்தில், பள்ளிக்கூடங்களில் இருக்கும் அரளியை எல்லாம் வெட்டித் தள்ளப்போவதாக அறிவித்தார்கள். காரணம், எங்கள் மூணாவது மாடி மாமி சொன்னதேதான்! கொஞ்ச நாளிலேயே முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

* * *

இந்தக் கதைகளை எல்லாம் அடுத்த மீட்டிங்கில் அவிழ்த்து விட்டேன். மாமி முழுக்கக் கேட்டார். “ஜப்பான்காரன் வெச்சுக்கட்டும். நம்ம குழந்தைங்க கைக்கு எட்டக் கூடாது” என்றார். நியாயம்தானே? கடைசியில் சமரசம். விளையாடுகிற பக்கம் வேண்டாம், பின்னால் ஜெனரேட்டர் ரூமைத் தாண்டிப் பூட்டு போட்ட கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு செடி.

நர்சரிக்காரரே வந்து நட்டார். வெட்டும்போது கையுறை போடணும், பால் கண்ணில் படக் கூடாது, வெட்டின குச்சியை எரிக்கக் கூடாது, புகையும் விஷம் என்று வாட்ச்மேனுக்குப் பாடம் எடுத்தார். காய்ந்த இலையை வெளியே குப்பையில் கொட்டக் கூடாதாம். பச்சையில் கசப்புக்குப் பயந்து ஒதுங்குகிற ஆடு, காய்ந்ததை ஏமாந்து தின்றுவிடுமாம். பூத்து முடிந்ததும் நுனியை வெட்டிவிட்டால் போதும், புதுக்கிளையில்தான் பூ வரும் என்றார். மூணு வருஷமாயிற்று. ஒரு முறை பச்சைப் பச்சையாகக் கொழுத்த புழு ஒன்று வந்து இலையை மொட்டையடித்தது. அரளி விஷத்தையே சாப்பாடாகத் தின்று வளர்கிற அந்துப்பூச்சியின் புழுவாம் அது. கை வைக்காமல் விட்டோம். செடி மறுபடி தழைத்துவிட்டது. தோட்டக் கணக்கில் அந்தப் பன்னிரண்டு செடிக்கு நான் எழுதிய செலவு, நட்ட அன்றைக்குக் கொடுத்த தொகை மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை தோறும் மாமி வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு பின்பக்கம் போகிறார். துர்க்கைக்குச் சாத்த ஒரு கூடை செவ்வரளி. வந்ததும் முதல் வேலையாகக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறார்.